கன்னிவாடியில் கழன்ற கண்ணி!

முதலில் ஓர் எழுத்துத் தகராறைத் தீர்த்துவிடலாம். எங்கள் ஊர் கன்னிவாடி. ரெண்டு சுழி 'ன்'. இந்தக் கட்டுரையில் வரப்போகிற சமாசாரம் கண்ணி. மூணு சுழி 'ண்'. சங்கிலியில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடக்கிறதே, அந்தக் கண்ணி. ப்ரூஃப் திருத்துகிறவர் தயவுசெய்து இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். (தாராபுரம் பக்கம், மூலனூருக்கு அருகே இன்னொரு கன்னிவாடி இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழநி மலை அடிவாரத்துக் கன்னிவாடி!)

எங்கள் ஊரில் விடியற்காலையில் சேவல் கூவுகிறதோ இல்லையோ, மொபெட் கூவும். பால் கேன், முருங்கைக்காய்க் கட்டு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற தக்காளி, தோட்டத்துக்குப் போகிற உர மூட்டை எல்லாமே அதன் முதுகில்தான். புருஷன், பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைகள், நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி என்று ஐந்து ஜீவன்கள் ஒரே மொபெட்டில் போவதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஆட்டுக்குட்டி ஒன்றுதான் கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

இவ்வளவு பாரத்தையும் இழுப்பது இன்ஜின் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இன்ஜின் சம்பாதிக்கிறது, சரி. சம்பாதித்ததைப் பின் சக்கரத்தின் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது யார்? செயின்! அந்தச் செயினை நான் நாலு வருஷமாக ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அடியேன் பி.காம். நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டு, நடுநடுவே உங்களுக்கும் எழுதுகிறவன். பேலன்ஸ் ஷீட் தெரியும். ஸ்ப்ராக்கெட் தெரியாது.

ஒரு நாள் வண்டியில் 'கட கட கட' என்று சத்தம் வந்தது. செயின் தொங்கிப்போய், செயின் கவரில் இடிக்கிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் நிறுத்தினேன். "அட்ஜஸ்டர் கடைசி வரைக்கும் வந்துருச்சு ஸார். இனிமே இழுக்க எடமில்ல. செயினை மாத்திடலாமா?" என்றார் கடைக்காரர்.

"மாத்தினா எவ்வளவு?"

"செட்டா போட்டா ஆயிரம் கிட்ட வரும்."

"மாத்தாம?"

"ஒரு ஜோடிக் கண்ணியைக் கழட்டிட்டுக் கோத்துடலாம். அம்பது ரூவா."

கணக்குப் பிள்ளைக்கு எது இனிக்கும்? சொல்ல வேண்டுமா! அவர் மேல் குற்றமே இல்லை. கேட்டு வாங்கிக்கொண்டது நான்தான். கண்ணியைக் கழற்றினார். செயின் கிட்டார் கம்பி மாதிரி விறைப்பாக நின்றது. சத்தம் போயே போச்சு. கழற்றிய கண்ணியைக் கையில் கொடுத்தார். ஒரு அங்குல நீளம். தொள்ளாயிரத்தைம்பது ரூபாய் லாபம் என்று மனசுக்குள் வரவு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சரியாக ஒன்பதாவது நாள். அம்மாவுக்குக் கண் பரிசோதனை. ரெண்டு கண்ணிலும் புரை. திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போகிறேன். இருபது கிலோமீட்டர் பக்கம். அம்மா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் பையும் பைக்குள் பழைய கண்ணாடியுமாக வருகிறாள். ரெட்டியார்சத்திரம் நெருங்குகிறது. ஒரு வேகத்தடை. மெதுவாக ஏறி இறங்கி, ஆக்ஸிலேட்டரைத் திருகினேன் பாருங்கள்...

'டக்... டக்... டடங்!'

பின் சக்கரம் அப்படியே இறுகி நின்றுவிட்டது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு போட்டது. பின்னால் வந்த பஸ் 'கிறீச்'சென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் அதன் முகப்பு என் முதுகிலிருந்து ரெண்டு முழம். வேகத்தடை இருந்த இடமாகப் போயிற்று. நல்ல வேகத்தில் நடந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள், வேறு பக்கத்தில்.

டிரைவர் சொன்னதை இங்கே அச்சிட முடியாது. நியாயமாகத்தான் சொன்னார்.

குனிந்து பார்த்தேன். செயின் பின் பல்சக்கரத்தை விட்டு வெளியே ஏறி, சக்கரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் சொருகிக்கொண்டிருக்கிறது. அதை இழுத்து எடுப்பதற்குள் செயின் லாக் எகிறி எங்கேயோ போய்விட்டது. செயினின் ரெண்டு முனையையும் சேர்க்கிற அந்தச் சின்னக் கிளிப்பைத்தான் சொல்கிறேன். பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். 2019-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிய பூட்டு. அந்த ஊருக்குப் போகிற ரோட்டில் ஒரு லாக்குக்கு வழியில்லாமல் நிற்கிறேன், ஸார்!

தக்காளிக் கூடைகளோடு வந்த ஒரு பெரியவர் தன் மொபெட்டை ஓரங்கட்டினார். ஸீட்டுக்கடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். உள்ளே ரெண்டு செயின் லாக், ஒரு ஸ்பார்க் பிளக், கொஞ்சம் கம்பி. (ஊறுகாய் மாதிரி எப்போதும் வைத்திருப்பாராம்.) பத்து நிமிஷத்தில் கோத்துக் கொடுத்துவிட்டு, "தம்பி, இதை வச்சு ஆளை ஏத்திக்கிட்டுப் போகாதீங்க. பல்லைப் பாத்தீங்களா? அருவா மாதிரி இருக்கு. மறுபடி கழண்டுக்கும்" என்றார்.

அம்மா அதற்குள் முடிவெடுத்துவிட்டாள். "நான் பஸ்ஸுல போய்க் காட்டிட்டு வந்துர்றேன். நீ ஒஞ் சங்கிலியைப் பாரு!" எந்த பஸ் டிரைவர் என்னைத் திட்டினாரோ, அதே பஸ்ஸில் ஏறிப் போனாள்.

நான் மொபெட்டை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, புளியமரத்தடி மெக்கானிக் அண்ணனிடம் போய் நின்றேன். போர்டு கிடையாது. ஒரு பெட்டி, ஒரு ஸ்டூல், கிரீஸ் படிந்த ஒரு காலண்டர். ஆனால் அன்றைக்கு அவர் எடுத்த பாடம், நான் மூணு வருஷம் காலேஜில் கேட்டதைவிடத் தெளிவு.

"கண்ணியை எடுக்கச் சொன்னது யாரு?" இதுதான் முதல் கேள்வி.

"நான்தாண்ணே" என்று அசடு வழிந்தேன்.

ஒரு அடி இரும்பு ஸ்கேலை எடுத்தார். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு ஊசியின் நடு மையத்தில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தார். "இங்கேருந்து இருபத்தி நாலு எண்ணுங்க."

மொபெட் செயினில் ஊசிக்கு ஊசி தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். சைக்கிள் செயினுக்கும் அதே அளவுதான். ஆக, 24 கண்ணி என்பது சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். எண்ணினேன். இருபத்தி நாலாவது ஊசி ஸ்கேலைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தது! கால் அங்குலத்துக்குக் குறையாது.

"கால் அங்குலம் கூடிருச்சுன்னா செயின் செத்துருச்சுன்னு அர்த்தம். நீங்க செத்த செயினைக் குட்டையாக்கி ஓட்டியிருக்கீங்க."

"இரும்பு எப்படிண்ணே நீளும்?"

"இரும்பு நீளலை தம்பி. தேயுது."

இங்கேதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. செயின் இழுபட்டு ரப்பர் மாதிரி நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு ஊசி, அதைச் சுற்றி ஒரு புஷ், அதற்கு மேல் உருளுகிற ரோலர். ஊசியும் புஷ்ஷும் உரசி உரசித் தேய்கின்றன. கண்ணிக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் நூறு கண்ணி உள்ள செயினில் நூறு கால் மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர். ஒரு அங்குலம்! ஒரு ஜோடிக் கண்ணியின் நீளமும் சரியாக ஒரு அங்குலம். அதைக் கழற்றியதும் மொத்த நீளம் பழையபடி டேலி ஆகிவிட்டது. ஆனால் மிச்சமிருக்கிற ஒவ்வொரு கண்ணியிலும் அந்தக் கால் மில்லிமீட்டர் தப்பு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'ஈடுசெய் பிழை' ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் தப்பு, இன்னொரு பக்கம் அதே அளவுக்கு இன்னொரு தப்பு. இருப்பாய்வு அச்சாகப் பொருந்தும். ஆடிட்டர்கூட ஏமாறுவார். உள்ளே கணக்கு நாறிக்கொண்டிருக்கும். என் செயினும் அந்த ரகம்தான். ஆடிட்டர் ஏமாறலாம், பல்சக்கரம் ஏமாறுமா? பல்லுக்குப் பல் தூரம் அரை அங்குலம். கண்ணிக்குக் கண்ணி தூரம் அரை அங்குலத்துக்குச் சொச்சம். ரெண்டும் ஒத்துப்போகாததால் ரோலர், பல்லின் அடியில் போய் உட்காராமல் மேலே மேலே ஏறுகிறது. ஏழெட்டுப் பல் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய சுமையை ஒன்றிரண்டு பல்லே தாங்குகின்றன. வேகத்தடையில் ஒரு குலுக்கல், உடனே ஆக்ஸிலேட்டரில் ஒரு திருகல்... அவ்வளவுதான், ஏறிக் குதித்துவிடுகிறது.

"அட்ஜஸ்டர் கடைசிக்கு வந்தா, இழுக்க எடமில்லன்னு அர்த்தம் இல்ல தம்பி. என்னை மாத்துன்னு செயின் கையெடுத்துக் கும்பிடுதுன்னு அர்த்தம்" என்றார் அண்ணன்.

ஸ்கேல் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி சொன்னார். பின் பல்சக்கரத்தின் கடைசியில், செயின் வளைந்து திரும்புகிற இடத்தில், ஒரு கண்ணியைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். அசையாமல் இருந்தால் ஆயுசு இருக்கிறது. பாதிப் பல் தெரிகிற அளவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் பால் ஊற்ற வேண்டியதுதான்.

"சரிண்ணே, செயினை மட்டும் மாத்திடுங்க. பல்சக்கரம் இருக்கட்டும்" என்றேன். திருந்துகிற ஜென்மமா!

அவர் பழைய பல்சக்கரத்தைக் காட்டினார். ஒவ்வொரு பல்லும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கதிர் அருவாள் மாதிரி கொக்கி போட்டிருந்தது. அந்தப் பற்கள் நீண்டுபோன பழைய செயினுக்குத் தகுந்தபடி தேய்ந்தவை. அதன் மேல் புதுச் செயினை மாட்டினால், அது பழையதன் குணத்துக்குச் சீக்கிரமே வந்துவிடும். மாமியாரிடம் வந்த மருமகள் மாதிரி என்று ஒரு உவமை சொன்னார். அம்மா இந்தப் பத்திரிகையைப் படிப்பாள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். செயின், பின்னால் பெரியது, இன்ஜினோரம் சின்னது, இவை மூன்றும் ஒரு குடும்பம். மாற்றினால் மூன்றையும். அதிலும் இன்ஜினோரச் சின்னது சீக்கிரம் தேயும். பல் எண்ணிக்கை குறைவு. பெரியது ஒரு சுற்று வருவதற்குள் இது பல சுற்றுச் சுற்றியாக வேண்டும். கவருக்குள் ஒளிந்திருப்பதால் யாரும் பார்ப்பதும் இல்லை.

தேய்மானத்தைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் உண்டு. நேர்கோட்டு முறை, குறைந்து செல் இருப்பு முறை ரெண்டும் தலைகீழாகப் பாடம். செயினின் தேய்மானம் ரெண்டிலும் சேராது. ஊசியின் மேல்தோலை மட்டும் சூட்டில் பதப்படுத்திக் கெட்டியாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தத் தோல் இருக்கிறவரை மெதுவாகத் தேயும். தோல் போன பிறகு, கேரண்டி கையெழுத்துப் போட்டவன் சொத்து மாதிரி வேகமாகக் கரையும். 'போன மாசம்கூட நல்லாத்தானே இருந்துச்சு' என்று எல்லாரும் சொல்வது இதனால்தான்.

அண்ணன் சாமான் வாங்கி வரச் சொன்னார். கிடைத்த இடைவேளையில் கொஞ்சம் சரித்திரம்.

இன்றைக்கு நாம் ஓட்டுகிற ரோலர் செயினை வடிவமைத்தவர் ஹான்ஸ் ரெனால்ட். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தில் மான்செஸ்டரில் தொழில் நடத்தியவர். வருஷம் 1880. ஐந்து வருஷம் கழித்து, 1885-ல் ஸ்டார்லியின் 'ரோவர்' சைக்கிள் பின் சக்கரத்தைச் செயினால் ஓட்டியது. மோட்டாரையும் பெடலையும் ஒட்டவைத்துப் பிறந்த பெயர்தான் மொபெட். நம் நாட்டில் 1972-ல் கைனெடிக்கின் லூனா வந்தது. திருப்பதியிலிருந்து சுவேகா வந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. ரெண்டு பேர் உட்காரலாம் என்றதும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் அதைத் தத்து எடுத்துக்கொண்டன. ரெண்டு பேர் என்பதை நம் ஆட்கள் ஏன் ஆரம்ப விலையாக எடுத்துக்கொண்டார்கள் என்பது தனி ஆராய்ச்சி. அந்த வம்சத்தில் 2015-ல் நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தது. பெடல் போய்விட்டது. செயின் மட்டும் ரெனால்ட் போட்ட அதே கோலம். கோயம்புத்தூர் எல்.ஜி.பி.யின் ரோலான், சென்னை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் டயமண்ட் என்று செயினில் பேர் போன ரெண்டு கம்பெனிகளும் நம்மூர்தான்.

செயினே வேண்டாம் என்று யோசித்தவர்களும் உண்டு. பிரான்சில் 1946-ல் வந்த வேலோசோலெக்ஸ், முன் டயரின் மேல் ஒரு உருளையை வைத்து அழுத்தித் தேய்த்தே சக்கரத்தைச் சுற்றியது. செயின் கழலாது. ஆனால் மழை பெய்தால் உருளை வழுக்கும். எதிலும் ஏதாவது ஒன்று!

சரி, சாமான் வந்தாச்சு. அண்ணன் மாட்ட ஆரம்பித்தார். நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

முதலில் எவ்வளவு டைட் வைப்பது? 'டைட்டா இருந்தா கழலாது' என்பதுதான் ஊர் நம்பிக்கை. என் நம்பிக்கையும் அதுவே. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால், மொத்தமாக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். ஒன்றரை விரல் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சட்டம். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, எங்கே ரொம்ப இறுகுகிறதோ அந்த இடத்தில் அளவை வைக்க வேண்டும்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் புதுசு. "ஏறி உக்காருங்க தம்பி" என்றார். டீக்கடையிலிருந்து இன்னொருத்தரைக் கூப்பிட்டுப் பின்னால் உட்கார வைத்தார். (நல்ல கனமான மனுஷர். தேர்ந்தெடுத்துத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.) நாங்கள் உட்கார்ந்ததும் பின்பக்கம் அமுங்கியது. செயின் எங்கள் கண் முன்னே விறைத்தது. பின் சக்கரத்தைத் தாங்குகிற கை அமுங்கும்போது, சின்னப் பல்சக்கரம், அந்தக் கை முளைக்கிற இடம், பின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வருகிற நிமிஷத்தில்தான் செயினுக்கு உச்சகட்ட இழுவை. வெறும் வண்டியில் கிட்டார் கம்பி மாதிரி வைத்துவிட்டு ரெண்டு மூட்டை ஏற்றினால், பள்ளத்தில் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அந்த இழுவை இன்ஜினோர பேரிங்கையும் ஆயில் ஸீலையும் பிடுங்கும். தொங்குகிற செயின் கழலும். அதிகமாக இறுகிய செயின், தானும் தேய்ந்து பேரிங்கையும் கூட்டிக்கொண்டு போகும்.

"விருந்துக்குப் போறதுக்கு முன்னாடி பெல்ட்டை இறுக்குற கதை தம்பி. சாப்புட்டு எந்திரிக்கும்போதுதானே தெரியும்!"

அப்புறம் நேர். பின் அச்சின் ரெண்டு பக்கமும் அட்ஜஸ்டரில் கோடு கோடாகக் குறி இருக்கும். இந்தப் பக்கம் மூணாவது கோடு என்றால் அந்தப் பக்கமும் மூணாவது கோடு. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் சக்கரம் கோணிக்கொண்டு, பல்லின் ஒரு பக்கக் கன்னம் மட்டும் பளபளவென்று தேயும். அளவு சரியாக இருந்தும் செயின் அடிக்கடி கழல்கிறதென்றால் முதலில் இந்தக் கோணலைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் பல்சக்கரத்தின் போல்ட் லூஸா, சக்கரத்தின் பேரிங் ஆடுகிறதா, எப்போதாவது கீழே போட்டதில் அந்தக் கை வளைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக. நட்டை முறுக்கியதும் இன்னொரு தடவை அளவு பார்க்க வேண்டும். முறுக்கும்போது சக்கரம் நகர்ந்துவிடும். இன்னொன்றும் சொன்னார், இதை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். செயினுக்காகச் சக்கரத்தைப் பின்னால் தள்ளியதும் பின் பிரேக்கின் அளவு மாறிவிடும். அதையும் சரி பண்ணி, சக்கரம் லேசாகச் சுற்றுகிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

அந்தப் புண்ணியவான் லாக்! மீன் மாதிரி இருக்கும். வாய் மூடிய பக்கம் தலை. பிளந்த பக்கம் வால். செயின் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் தலை. மேல்பக்கத்தில் பார்த்தால் தலை முன்னால், வால் பின்னால். மாற்றிப் போட்டால் ஏதாவது இடிக்கும்போது வால் விரிந்து பிடுங்கிக்கொண்டு போகும். மீன் வாலை முன்னால் விட்டு நீந்துமா? இதை ஒரு தடவை கேட்டவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

சத்தங்களுக்கும் ஒரு அகராதி கொடுத்தார். 'கட கட' என்றால் தொங்கல், கவரில் இடி. 'உய்ய்' என்று அழுதால் இறுக்கம் அல்லது வறட்சி. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' என்றால் பின் பல்சக்கரத்தில் ஒரு பல் கெட்டிருக்கும். சக்கரம் சில சுற்றுச் சுற்றியபின் ஒரு 'டக்' என்றால் செயினில் ஏதோ ஒரு கண்ணி துருப்பிடித்து மடங்காமல் முரண்டுபிடிக்கிறது. மேடு ஏறும்போது 'தட் தட்' என்று உதைத்தால் செயின் பல்லைத் தாண்டுகிறது. கடைசிச் சத்தம் கேட்டால் அன்றைக்கே கடைக்குப் போய்விட வேண்டும். ஆடலூர், பன்றிமலை பக்கம் ஏறுகிறவர்களுக்கு இது ரெண்டு மடங்கு பொருந்தும்.

எண்ணெய் விஷயத்தில்தான் நம் ஜனங்கள் கற்பனையின் உச்சத்தில் இருக்கிறார்கள். இன்ஜினிலிருந்து எடுத்த கரி ஆயிலை ஊற்றுவது பரம்பரை வழக்கம். அதில் இரும்புத்தூளும் கரியும் மிதக்கிறது. தேய்மானத்தைக் காசு கொடுக்காமல் வாங்கி வைப்பதுதான். கிரீஸை அப்பினால் அது ஊசிக்குள் போகாது. வெளியே உட்கார்ந்து ஊர்ப் புழுதியை ஒட்டிக்கொள்ளும். கிரீஸும் மண்ணும் சேர்ந்தால் சாணைக்கல். எங்கள் அம்மா தேங்காய் எண்ணெய் விடச் சொன்னாள். (தலைக்கே பத்தலை என்று அப்புறம் அவளே வாபஸ் வாங்கிக்கொண்டாள்.)

சரியான முறை இது. மண்ணெண்ணெய் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் டீசல். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, 90-ம் நம்பர் கியர் ஆயிலை, கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். செயின் சுற்றும்போது எண்ணெய் வெளிப்பக்கம் தெறிக்கத்தான் பார்க்கும். உள்ளேயிருந்து விட்டால் போகிற போக்கில் ஊசியை நனைத்துவிட்டுப் போகும். அரை மணி கழித்து மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். டயரிலும் பிரேக்கிலும் படக் கூடாது. ராத்திரி ஓட்டி முடித்த பிறகு விட்டால் விடிவதற்குள் ஊறிவிடும். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் நனைந்தால் மறுநாளே.

இதையெல்லாம் நீங்களே செய்யலாம். ஒரே ஒரு கண்டிஷன், அதைச் சொல்லும்போது அண்ணன் சிரிக்கவில்லை. இடது கையைக் காட்டினார். ஆள்காட்டி விரல் முதல் கணுவோடு முடிந்திருந்தது. தொழில் கற்றுக்கொண்ட வயசில், ஸென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைத்திருக்கிறார். துணியின் நுனி மாட்டியது. துணியை விடுவதற்குள் விரல் பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவில். "இன்ஜினை அணைச்சு, சாவியை எடுத்து ஜோப்புல போட்டுட்டுத்தான் செயினைத் தொடணும். சக்கரத்தைக் கையாலதான் சுத்தணும். அப்பவும் வெரலு பல்லுகிட்டப் போகக் கூடாது."

விரலைப் பிடித்த செயின் முந்தானையை விடுமா? பின்னால் ஒருக்களித்து உட்காருகிற பெண்களின் முந்தானை, துப்பட்டா, குழந்தைகளின் குதிகால் எல்லாம் அதற்குத் தீனி. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 123-வது விதி, பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் மாட்டாமல், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது. நாம் சாரி கார்டு என்கிறோமே, அது. 'அழகா இல்லை' என்று அதைக் கழற்றுகிறவர்களும், 'கட கட'ங்குது என்று செயின் கவரைக் கழற்றி வீட்டுப் பரணில் போடுகிறவர்களும் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ரெண்டாவது வகையில் நான் இருந்தேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கவர் இப்போது பரணிலிருந்து இறங்கிவிட்டது.

என் அக்கா மகன் ஒருத்தன் இருக்கிறான். பாலிடெக்னிக் படிப்பு. பழைய சைக்கிளில் மோட்டார் கிட் மாட்டி ஓட்டுகிறான். அதிலும் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை செயின் கழலல். அண்ணனிடம் அழைத்துப் போனேன். பார்த்ததும் சொல்லிவிட்டார். பின் பல்சக்கரத்தை ஆரக்கம்பிகளில் வைத்துக் கவ்வவிட்டிருக்கிறான். சக்கரம் சுற்றும்போது அது அப்பளம் மாதிரி நெளிகிறது. தொங்கலை எடுக்க ஒரு குட்டி உருளையைச் சட்டக் குழாயில் கட்டியிருக்கிறான்; அது இழுவையில் நழுவி ஆரக்கம்பிப் பக்கம் சாய்கிறது. "இது ஒரு நாளைக்குக் கம்பிக்குள்ள பூந்துச்சுன்னா சைக்கிள் அங்கேயே நிக்கும், மாப்ள மட்டும் போய்க்கிட்டே இருப்பாரு" என்றார். பையன் முகம் சுண்டிவிட்டது. பல்சக்கரத்தை நடு மையத்தில் நேராக உட்கார வைத்து, மோட்டாரைச் சரியான தூரத்தில் நகர்த்தி, உருளையின் வேலையையே குறைத்துவிட்டார். இப்போது கழலுவதில்லை. அவன் அடுத்து ஹப் மோட்டார் வாங்கப் போகிறானாம். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். செயினுக்கு வேலையில்லை. அண்ணன் அந்தப் பேச்சை அவ்வளவாக ரசிக்கவில்லை.

அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. வண்டியில் ஏறுவதற்கு முன் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, குனிந்து செயினை ஒரு பார்வை பார்க்கிறாள். "எண்ணெய் விட்டு எத்தன நாளாச்சு?" நாலு வருஷம் நான் பார்க்காததை, நாற்பது நாள் ஆன புதுக் கண்ணால் அவள் பார்க்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் உர மூட்டையோடு வந்து நிறுத்தினார். 'கட கட கட.' எனக்கு அந்தச் சத்தம் கேட்டதுமே வயிற்றைக் கலக்கியது.

"அண்ணே, செயின் தொங்குது. ஒரு கண்ணியைக் கழட்டி விட்டுடுங்க. அவசரம்."

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. ஸ்பேனரால் என்னைக் காட்டினார். "அதைப் பத்தி அந்தத் தம்பிகிட்டக் கேளுங்க."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அது வந்துண்ணே, இருபத்தி நாலு கண்ணி கரெக்டா பன்னெண்டு அங்குலம் இருக்கணும். ரெட்டியார்சத்திரத்துக்கு முன்னாடி ஒரு வேகத்தடை இருக்கு பாருங்க..." என்று ஆரம்பித்தேன்.

ஈடுசெய் பிழைக்கு வருவதற்குள் அவர் அண்ணனிடம் திரும்பி, "புதுச் செட்டே போட்டுடுங்கண்ணே" என்றார்.